பாக்ஸ்டரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமா?

கேள்வி: குன்னூரில் வசிக்கிறேன். 2015 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் (2.7 லிட்டர்) வைத்திருக்கிறேன். 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரம் இரண்டு தடவை கோவைக்கு அதில்தான் போய்வருகிறேன். பெட்ரோல் செலவு கையைக் கடிக்கிறது. எம்.ஜி. சைபர்ஸ்டர் போன்ற மின்சார ஸ்போர்ட்ஸ் காருக்கு மாறலாமா? மலை ஏறும்போது சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்றுதான் யோசனை.

பதில்: சார்ஜ் தீராது. நீங்கள் யோசிக்க வேண்டியது ஏற்றத்தைப் பற்றியல்ல, இறக்கத்தைப் பற்றி.

மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. ஆட்களோடு 2,150 கிலோ வரும் காரை இந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 9 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரின் இழப்பு, டயர் உராய்வு எல்லாம் சேர்த்தால் 14 யூனிட். மேட்டுப்பாளையம்–கோவை சமவெளிக்குப் போக 7, வர 7. காலையில் மலை இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி 4 யூனிட் அளவுக்குத் திருப்பித் தரும். ஆக மொத்தம் 24. சைபர்ஸ்டரின் பேட்டரி 77 யூனிட், மூன்றில் ஒரு பங்குகூடச் செலவாகாது. 45 யூனிட் பேட்டரி உள்ள சின்னக் காரே பாதி சார்ஜில் போய்வந்துவிடும்.

இப்போது இறக்கம். இரவு முழுக்க 100% சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் மலை இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் வண்டியைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்குமே, அந்தப் பிடிப்பு அன்றைக்குக் கிடைக்காது. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் சாதாரண பிரேக்கை நம்பியே இறங்க வேண்டும். பெட்ரோல் காரில் இரண்டாவது கியருக்கு மாறினால் எஞ்சின் பிடிக்கும். மின்சாரக் காரில் மாற்றக் கியரே இல்லை. உங்கள் பாக்ஸ்டரை விட 600 கிலோ கூடுதலான கார், வழியிலுள்ள பர்லியாரைத் தொடும் முன்பே பிரேக் பேட் காய்ந்து வாடை அடிக்கத் தொடங்கிவிடும்.

குளிரும் இதையே செய்யும். பேட்டரியின் செல்கள் குளிர்ந்திருக்கும்போது வேகமாக மின்சாரம் ஏற்றினால் லித்தியம் படிந்து கெடும் என்பதால், இறக்கத்தில் திரும்பி வரும் மின்சாரத்தைக் கார் தானாகவே குறைத்துக்கொள்ளும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் ஊட்டிப் பக்கம் இது அதிகம், குன்னூரில் கொஞ்சம் குறைவு.

அதனால் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். காலை 6 மணிக்குக் கிளம்புவதென்றால் 5.30-க்கு சார்ஜ் முடியும்படி நேரம் குறித்துவிடுங்கள், செல்கள் வெதுவெதுப்பாக இருக்கும். சில பேட்டரிகளை (எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை) வாரம் ஒருமுறை முழுதாக நிரப்பச் சொல்வார்கள். அதைக் கோவையில் செய்யுங்கள். நிரம்பிய பேட்டரி ஏறுவதற்கு நல்லது, இறங்குவதற்குத்தான் ஆகாது.

வீட்டு மின் இணைப்பில்தான் மலையில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். மீட்டர் பெட்டிக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் 40 மீட்டர் இருந்தால் 6 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 9 வோல்ட் இறங்கிவிடும். 10 சதுர மி.மீ. போடுங்கள். அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த மின்வாரியத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அடுத்தது எர்த். பாறை நிலத்தில் குழாய் ஆழமாக இறங்காது, மாசி பங்குனியில் மண் காய்ந்ததும் எர்த் பலவீனமாகும், சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டாவது குழி எடுக்கச் சொல்லுங்கள். இடி இறங்கும் ஊர், சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் சார்ஜர் மாட்டவே வேண்டாம்.

சரி, மாறலாமா? உங்கள் பாக்ஸ்டர் லிட்டருக்கு 8 கி.மீ. கொடுத்தால் 140 கி.மீ. பயணத்துக்குச் சுமார் 1,750 ரூபாய். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 27 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 270. வருடத்துக்கு நூறு பயணம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் மிச்சம். ஆனால் இந்த மிச்சத்தை 15 லட்ச ரூபாய் மின்சாரக் காரும் அப்படியே கொடுக்கும். அதற்காக 70 லட்சத்துக்கு மேல் போட வேண்டியதில்லை. கோவைக்குச் சின்ன மின்சாரக் காரை வாங்கிக்கொண்டு, பாக்ஸ்டரை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. குன்னூர்க் காற்றழுத்தத்தில் அதன் 265 குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், மின்மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை. இருந்தாலும் அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினை விற்றுவிட்டால் திரும்பத் தேடுவது கஷ்டம்.

சும்மா நிறுத்திவைத்தால் அது கெடும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரம் உறிஞ்சிய ஆயில் மலை இறக்கத்தில் கொதித்து பெடலைத் தொளதொளப்பாக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலும் ஈரம் உறிஞ்சும், டேங்கை நிறைத்தே நிறுத்துங்கள். மடக்குக் கூரையின் ஓரத்து வடிகால் துளைகளில் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலைகள் அடைத்தால் மழைத்தண்ணீர் காருக்குள் இறங்கிவிடும், மழைக்காலத்துக்கு முன் சுத்தம் செய்யுங்கள்.

மின்சாரக் காருக்கு டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது கோவை அவிநாசி சாலையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வண்டியை வீடு வரை கொண்டுவரச் சொல்லி, சாலையிலிருந்து உங்கள் கேட்டுக்கு ஏறும் சரிவில் இரண்டு பேரை உட்காரவைத்து ஏற்றிப் பாருங்கள். அடியில் உரசுவது பேட்டரியின் உறை; அங்கே உரசினால் அந்த மாடல் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.