மேலாளர் அறியாமல் லிங்க்ட்இனில் வேலை தேடுதல்

வணக்கம். இப்போதைய பணியில் இருந்தபடியே லிங்க்ட்இனில், புதிய வேலைக்குத் தயார் என்று காட்டும் 'ஓப்பன் டு வொர்க்' வசதியை இயக்கினால் மேலாளருக்குத் தெரிந்துவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். அனைவருக்கும் காட்டும் தெரிவை எடுத்தால் உங்கள் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் தோன்றும். ஆகவே, ஆட்சேர்ப்பாளர்களுக்கு மட்டும் காட்டுவதையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆட்சேர்ப்பாளர்களிடமிருந்து அதை மறைக்க லிங்க்ட்இன் முயன்றாலும், முழு இரகசியத்துக்கு அது உறுதியளிப்பதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், என் கணிப்பில் பெரிய ஆபத்து அதுவன்று. வேலை அறிவிப்புப் பதிவுகளுக்கு நீங்கள் இடும் விருப்பக்குறியும் கருத்தும் உங்களோடு இணைந்திருக்கும் சக ஊழியர்களின் பக்கத்தில் தோன்றக்கூடும் என்பதால், அங்கே 'ஆர்வமாக உள்ளேன்' என்று எழுதாமல், பதிவிட்டவருக்கே தனிச்செய்தி அனுப்புங்கள். சுயவிவரத்தைத் திருத்தும் முன், மாற்றங்களைத் தொடர்புகளுக்கு அறிவிக்கும் அமைப்பையும் தவறாமல் நிறுத்திவிடுங்கள்.