கள்ளிக்கு எந்தக் கிழமை தண்ணீர்? – பெங்களூரு வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. பதினொரு தொட்டிகளில் எச்சிவேரியா (ரோஜாப்பூ போல அடுக்கிய தடித்த இலைகள் கொண்ட செடி) வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். ஞாயிறு தவறாமல் ஊற்றினேன். மே மாதம் வரை அழகாக இருந்தன. செப்டம்பரில் அடி இலைகள் மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டாலே விழுகின்றன. ஏழு செடிகள் போய்விட்டன. மிச்சம் நான்கையாவது காப்பாற்ற முடியுமா?
– வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: ஞாயிற்றுக்கிழமைதான் காரணம். பெங்களூருவில் ஏப்ரலில் 34 டிகிரி வெயிலும் காற்றும் சேர்ந்து ஒரு நான்கு அங்குலத் தொட்டியை நாலைந்து நாளில் காய வைத்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் மாலைதோறும் மழை, பகலெல்லாம் மூட்டம். அதே தொட்டி காய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். நனைந்த மண்ணின் மேலேயே மறுபடி ஊற்றினால் மண்துகள்களின் இடையே காற்றுக்கு இடமிருக்காது. வேர் மூச்சுத் திணறிச் செத்து, அதில் பூஞ்சணம் ஏறும். இலை கண்ணாடி மாதிரி ஆவது அதன் கடைசிக் கட்டம். தண்ணீர் போதாத செடியின் இலை சுருங்கித் துவளுமே தவிர இப்படி நீர்கோத்துக்கொள்ளாது. இந்த வித்தியாசம் தெரியாமல், வாடுகிறதே என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுகிறவர்கள்தான் அதிகம்.

மிச்சமுள்ள நான்கையும் இன்றே தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ உறுதியாக இருந்தால் மண்ணை உதறிவிட்டு நாலு நாள் நிழலில் கிடத்தினால் போதும். தண்டு கறுத்திருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வில்லையாகச் சீவிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைக்க வேண்டும். வெட்டிய முகத்தில் ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் நிறுத்தக் கூடாது. முகம் முழுக்க வெளிர் பச்சையாகத் தெரியும்வரை சீவ வேண்டும். கடைசியில் தலையும் (இலைக்கொத்தும்) இரண்டு சென்டிமீட்டர் தண்டும் மிஞ்சினால் போதும். வெட்டில் கந்தகத் தூளோ லவங்கப்பட்டைத் தூளோ தொட்டு, ஒரு காலி டம்ளரின் வாயில் தலை நிற்கும்படி ஐந்தாறு நாள் உட்கார வையுங்கள். வெட்டு தோல் கட்டிய பிறகு காய்ந்த கலவையின் மேல் வையுங்கள். வேர் வர இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை தண்ணீர் வேண்டாம்.

இனிமேல் கிழமை பார்க்க வேண்டாம், குச்சி பாருங்கள். ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை ஓரமாகத் தொட்டியின் அடிவரை செருகி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். மண் ஒட்டிக்கொண்டோ ஈரநிறமாகவோ வந்தால் ஊற்றக் கூடாது. காய்ந்து வந்தாலும் இன்னும் இரண்டு நாள் பொறுத்து, அடித் துளை வழியே ஒழுகும்வரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பது கெடுதல். மேல்மண் நனையும், அடிவேர் தவிக்கும்.

மண்ணைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நர்சரியில் வாங்கியபடியே இருந்தால் அது செம்மண்ணும் தென்னைநார்த் தூளான கோகோபீட்டுமாகத்தான் இருக்கும். அவர்கள் வேகமாக வளர்த்து விற்க அது சரி, மழையில் நனையும் பால்கனிக்குச் சரிவராது. நம்ம ஊர்ச் செம்மண்ணில் களி அதிகம். கோகோபீட் நனைந்தால் நாள்கணக்கில் ஈரம் விடாது, முழுக்கக் காய்ந்தால் தண்ணீரையே ஏற்காது. லால்பாக் பக்கத்துச் சித்தாபுரா நர்சரிகளில் சிண்டர் என்று கேளுங்கள்; கறுப்பாக, நுண்துளையோடு, கல் போல இருக்கும். 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ளதாக இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, செம்மண் அரைப் பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. எம்-சாண்ட் வாங்கினால் ரவைச் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் எடுத்து, பக்கெட்டில் நாலு தடவை அலசுங்கள். அதிலுள்ள கல்தூளை விட்டுவைத்தால் மூன்றே மாதத்தில் தொட்டிக்குள் சிமென்ட் பூசினாற்போல் இறுகிவிடும். கலந்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். மேலே தேங்காமல் பத்து விநாடிக்குள் அடியில் ஒழுக வேண்டும். ஒழுகவில்லையா, சிண்டர் சேருங்கள்.

தொட்டியடியில் ஜல்லி போட்டால் வடிகால் ஆகும் என்பது பரவலான நம்பிக்கை. ஆகாது. நுண்மண் முழுக்க நீரால் நிரம்பினால்தான் அதிலிருந்து நீர் ஜல்லிக்கு இறங்கும். ஆக, ஈரம் தங்கும் மட்டம் வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் ஊர்ப்பக்கம் வேலியில் திருகுகள்ளி, சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி எல்லாம் உண்டு. இவையெல்லாம் கேக்டஸ்தானா?
– வாசகர், ஜீவன் பீமா நகர்

பதில்: மூன்றில் சப்பாத்திக்கள்ளி ஒன்றுதான் கேக்டஸ். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. மற்ற இரண்டும் யூபோர்பியா, ஆமணக்குக் குடும்பம். அடையாளம் சுலபம். கேக்டஸில் முள் புறப்படும் இடத்தில் பஞ்சு வைத்த சிறு மெத்தை மாதிரி ஒரு புள்ளி இருக்கும். முள், பூ, கிளை எல்லாமே அதிலிருந்துதான் வரும். யூபோர்பியாவில் அந்த மெத்தை கிடையாது. கீறினால் பால் வடியும். சங்கப் பாடல்களில் வரும் பாலை நிலத்துக் கள்ளியங்காட்டைப் படித்து கேக்டஸ் காட்டைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் இங்கே கேக்டஸ் ஏது!

இன்னொரு சுவை: லின்னேயஸ் 1753இல் திருகுகள்ளிக்கு வைத்த அறிவியல் பெயர் யூபோர்பியா திருக்கள்ளி. மலபாரில் வழங்கிய பெயரையே எடுத்துக்கொண்டார். சப்பாத்திக்கள்ளி தென்னிந்தியாவில் பெருகி நிலங்களை அடைத்தபோது, அதைத் தின்று தீர்க்க 1926இல் இலங்கையிலிருந்து ஒரு செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். பழைய புதர்களில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருப்பதையும், நசுக்கினால் குங்குமச் சிவப்புச் சாறு வருவதையும் பார்த்திருப்பீர்கள். அதுதான் அந்த வகைப் பூச்சி.

யூபோர்பியாவை வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு மாமி கொடுத்த பிரம்ம கமலம் இரண்டு வருடமாக இலையாகவே வளர்கிறது. எப்போது பூக்கும்?
– வாசகி, அல்சூர்

பதில்: முதலில் பெயர். அசல் பிரம்ம கமலம் இமயமலை உச்சியில் வளர்வது, உத்தரகண்டின் மாநில மலர், சூரியகாந்திக் குடும்பம். பெங்களூரு மாடிகளில் இரவில் பூக்கும் இது மெக்சிகோ பக்கத்துக் கேக்டஸ். நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். மாமியிடம் இதைச் சொல்லி மனவருத்தம் தேடிக்கொள்ள வேண்டாம்.

இலை என்று நீங்கள் சொல்வது இலையல்ல, தட்டையான தண்டு. அதன் ஓரத்துப் பள்ளங்களில்தான் மொட்டு வரும், அதுவும் முற்றிய தண்டில். துண்டு நட்டதிலிருந்து மூன்று வருடம் ஆவது சகஜம். செடி தாறுமாறாக இருக்கிறதென்று பழைய தண்டுகளை நறுக்குகிறவர்கள் மொட்டையே நறுக்குகிறார்கள். உருண்டையாக, சாட்டை மாதிரி நீளும் குருத்தை வேண்டுமானால் வெட்டலாம். காலை வெயில் இரண்டு மணி நேரம் வேண்டும். முழு நிழலில் பசுமையாக இருக்கும், பூக்காது. இது பாலைவனச் செடியல்ல, மரக்கிளைகளில் தொற்றி வளர்வது. அதனால் முழுக்கக் காயவிடாதீர்கள். மாட்டுச் சாணமும் யூரியாவும் தண்டைத்தான் வளர்க்கும். பிப்ரவரியிலிருந்து 0:52:34 உரம் (தழைச்சத்து இல்லாமல் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் உள்ளது) ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. வேர் நெருக்கமான தொட்டியில்தான் நன்றாகப் பூக்கும்; பெரிய தொட்டிக்கு மாற்ற அவசரப்படாதீர்கள்.

கேள்வி: சிவப்புத் தலை வைத்த கேக்டஸ் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. கீழே உள்ள பச்சைத் தண்டு சுருங்கி மஞ்சளாகிறது. தலை நன்றாக இருக்கிறது. தலையை மட்டும் வெட்டி நட்டால் பிழைக்குமா?
– வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: பிழைக்காது. சிவப்பிலும் மஞ்சளிலும் வரும் அந்தத் தலையில் பச்சையம் இல்லை. தனக்கான சாப்பாட்டைத் தானே சமைக்கத் தெரியாத செடி. கீழே இருக்கும் டிராகன் பழத் தண்டுதான் சமைத்துப் போடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சில வருடங்களில் தண்டு ஓய்ந்துபோகும். புதுத் தண்டில் மறுபடி ஒட்டுவதுதான் வழி.

மார்ச் முதல் ஜூன் தொடக்கம்வரை செய்யுங்கள். அடைமழையில் வெட்டு அழுகும். வேர் பிடித்த மூன்று பட்டை டிராகன் பழத் தண்டை மண்ணுக்கு மேல் எட்டு சென்டிமீட்டர் விட்டு, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அறுக்கக் கூடாது. பிறகு மூன்று பட்டைகளின் விளிம்பையும் பென்சில் சீவுவதுபோலச் சாய்வாகச் சீவுங்கள். காயும்போது சதை உள்வாங்கும், தோல் உள்வாங்காது. விளிம்பைச் சீவாவிட்டால் நடுவில் பள்ளம் விழுந்து தலை எழும்பிவிடும். வெட்டு முகத்தின் நடுவே வெளிறிய சிறு வளையம் தெரியும். அதுதான் நீர்க்குழாய். தலையின் அடியிலும் அதே வளையம், ஆனால் அளவு வேறு. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நேர் நடுவில் வைத்தால் சின்ன வளையம் பெரிய வளையத்துக்குள் தொடாமல் உட்கார்ந்துவிடும். கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, இரு வளையங்களும் இரண்டு இடத்திலாவது வெட்டிக்கொள்ளும்படி வையுங்கள். வைப்பதற்கு ஒரு நொடி முன் இரு முகத்திலும் காகிதக் கனத்துக்கு ஒரு வில்லை சீவிக்கொண்டால் ஈரம் காயாது. தலையை லேசாக அழுத்திச் சுழற்றிக் காற்றை வெளியேற்றி, தொட்டியடியோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ரப்பர் பேண்டு. பத்து நாள் நிழல். வெட்டில் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பெரிய தலையைவிட, அதில் முளைத்திருக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டிகள் சுலபமாக ஒட்டும்; நாலைந்து தண்டில் முயன்றால் ஒன்றிரண்டு தவறினாலும் கவலையில்லை.

கேள்வி: மாமில்லேரியா கேக்டஸின் முள்ளுக்கிடையே வெள்ளைப் பஞ்சு. ஸ்பிரிட் தடவினால் போகிறது, பத்து நாளில் மறுபடி வருகிறது. எறும்பும் வருகிறது.
– வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: மாவுப்பூச்சி. அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைத் தொட்டி தொட்டியாகச் சுமந்துபோகும். திரும்பத் திரும்ப வருகிறதென்றால் வேரிலும் இருக்கிறது. செடியை உருவினால் தொட்டியின் உட்சுவரில் விபூதி பூசினாற்போல் தெரியும். பழைய மண்ணைக் குப்பையில் போடுங்கள், வேறு தொட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். வேரை ஓடும் தண்ணீரில் சுத்தமாகக் கழுவி, இமிடாக்ளோப்ரிட் 17.8 சதவீதம் என்ற பூச்சிமருந்து லிட்டருக்கு அரை மில்லி கலந்த நீரில் கால் மணி நேரம் முக்கி, ஐந்து நாள் நிழலில் உலர்த்திப் புதுக் கலவையில் நடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே மருந்தை மண்ணில் ஒரு முறை ஊற்றுங்கள், தப்பிய முட்டைகள் பொரித்திருக்கும். கையுறை அவசியம். பூத்திருக்கும் செடிக்கு வேண்டாம், தேனீக்கள் சாகும். ஸ்பிரிட்டை மாலையில் மட்டும் தடவுங்கள். எச்சிவேரியாவின் சாம்பல் பூச்சை அது அழித்துவிடும், பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் பட்ஸால் தொடுங்கள்.

கேள்வி: இணையத்தில் நீல நிற லித்தாப்ஸ் (கூழாங்கல் மாதிரி இருக்கும் செடி) விதை நூறு 99 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, வைட்ஃபீல்ட்

பதில்: நீல லித்தாப்ஸ் உலகத்தில் இல்லை. லித்தாப்ஸ் விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். அவர்கள் அனுப்புவது பெரும்பாலும் ஏதோ கீரை விதை. சமைத்துச் சாப்பிடவும் துணிய வேண்டாம்.

கேள்வி: மண்ணின் மேல் வெள்ளையாகப் படிகிறது. போர்வெல் தண்ணீர்தான். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே, அதை ஊற்றலாமா?
– வாசகர், ஜே.பி. நகர்

பதில்: கூடாது. வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீரை இரண்டு கேன் பிடித்து வைத்தால் பல தொட்டிகளுக்கு வரும். போர்வெல் மட்டும்தான் என்றால், மேல்மண் ஒரு சென்டிமீட்டர் சுரண்டி மாற்றிவிட்டு, ஊற்றும்போதெல்லாம் அடியில் நன்றாக ஒழுகும்படி ஊற்றுங்கள், உப்பும் சேர்ந்து வெளியேறும். தட்டில் தேங்கியதை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும்.

கேள்வி: டிசம்பரில் அடீனியம் (பாலைவன ரோஜா) இலையெல்லாம் கொட்டி மொட்டையாகிவிட்டது. செத்துவிட்டதா?
– வாசகி, ஸ்ரீராம்புரம்

பதில்: அடித்தண்டை விரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் தூங்குகிறது. நம் ஊர்க் குளிர் இரவுகளில் அது அப்படித்தான். மூன்று வாரத்துக்கு ஒரு டம்ளர் போதும். பிப்ரவரிக் கடைசியில் துளிர் கண்டதும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கழித்துவிட்டு வழக்கம்போல ஊற்றத் தொடங்கலாம். அரளிக் குடும்பம்தான், கழிக்கும்போது வடியும் சாறு விஷம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அழுத்தும்போது உள்ளே அமுங்கினால் மட்டும் அன்றைக்கே தோண்டி எடுத்து, முதல் பதிலில் சொன்னபடி அழுகலைச் சீவுங்கள்.