வாங்க முன் வாங்கைப் பாருங்கள்

ஒன்ராறியோ ஏரிகளில் பனிக்கட்டி உருகத் தொடங்கினால் போதும், "அண்ணை, ஒரு அலுமினிய போட் பார்த்து வைச்சிருக்கிறன்" என்று கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறேன். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வள்ளத்தைப் பற்றியவை: 12 முதல் 16 அடி நீளம், றிவெட் (தகடுகளைச் சேர்க்கும் ஆணி) அடித்த அலுமினியம், வயது முப்பதுக்கு மேல். விற்கிறவர் "கொஞ்சம் வேலை செய்தால் புதுசு மாதிரி" என்று சொல்லியிருப்பார்.

கேள்வி: அண்ணை, 14 அடி அலுமினிய வள்ளம் ஒன்று ட்ரெயிலரோடு 1,800 டொலர் சொல்கிறார்கள். மோட்டர் இல்லை, 15 குதிரைவலு ஒன்று வாங்கிப் பூட்ட நினைத்திருக்கிறேன். நடு வாங்கைக் கழற்றிவிட்டு, நின்று தூண்டில் எறிய முன்னுக்கும் பின்னுக்கும் உயரமாகப் பலகைத் தட்டுப் போட விருப்பம். நானும் இரண்டு மச்சான்மாரும் ரைஸ் லேக்குக்கும் சிம்கோவுக்கும் போவோம். வாங்கலாமா? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: வள்ளத்தை வாங்கலாம் தம்பி, வாங்கைத்தான் தொடக்கூடாது.

அந்த நடு வாங்கு இருக்கை மட்டுமில்லை. அலுமினியத் தகடு மெல்லியது. இரண்டு பக்கச் சுவரும் வெளியே விரியாமலும் உள்ளே நெளியாமலும் பிடித்து வைத்திருப்பது அந்த வாங்குதான். அதை வெட்டிய வள்ளம் கராச்சுக்குள் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. சிம்கோவில் காற்று எழும்பி அலை அடிக்கும்போது பக்கங்கள் மூச்சு வாங்குவது போல விரிந்து சுருங்கும். ஒவ்வொரு தடவையும் அடியில் இருக்கும் றிவெட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். சிம்கோ 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த ஏரி. காலையில் கண்ணாடி மாதிரிக் கிடந்தாலும் மத்தியானம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது விஷயம் வாங்கின் உள்ளே இருக்கிறது. அங்கே இருக்கும் நுரைதான் வள்ளம் நிரம்பினாலும் தாழாமல் மிதக்க வைப்பது. ஒரு கன அடி நுரை ஏறத்தாழ 60 இறாத்தலைத் தாங்கும். பழைய வள்ளங்களில் அந்த நுரை தண்ணீர் குடித்துக் கிடப்பதும் உண்டு. வாங்கின் மூடித்தகட்டில் நாலு றிவெட்டைத் துளைத்தெடுத்து, விரலை விட்டு நுரையை அமத்திப் பாருங்கள். பிழிந்தால் தண்ணீர் வருகிறதென்றால் மாற்றத்தான் வேண்டும். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் நீல அல்லது இளஞ்சிவப்பு நுரைப்பலகை போதும், ஆனால் அதில் பெற்றோல் பட்டால் கரைந்துவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். பின்பக்கத்தில் உள்ளே ஒரு சிறிய தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு பாரம், எவ்வளவு குதிரைவலு என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் வள்ளத்தில் 900 இறாத்தல் என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 180 வீதம் மூன்று பேருக்கு 540. 15 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் மோட்டர் சுமார் 110. நிரம்பிய 25 லீற்றர் பெற்றோல் தாங்கி 45. பற்றரி 55. நங்கூரம், தூண்டில் பெட்டி, ஐஸ் பெட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 60. கூட்டினால் 810. மிச்சம் 90 இறாத்தல்தான். முக்கால் அங்குலப் பிளைவூட் முழுத்தாள் ஒன்றே 60 முதல் 70 இறாத்தல் வரும். இரண்டு தட்டுக்கு ஒன்றரைத் தாள், அதற்குக் கீழே மரச்சட்டம், மேலே கார்ப்பெட். மீன் ஒன்றும் படாமலே வள்ளம் நிறைந்துவிடும்!

பாரம் எவ்வளவு என்பதோடு அது எங்கே நிற்கிறது என்பதும் இருக்கிறது. உயரமான தட்டில் 180 இறாத்தல் ஆள் ஒருவர் நின்று தூண்டிலை வீசினால், வள்ளம் அவருடைய இடுப்போடு சேர்ந்து ஆடும். நான் சொல்வது இதுதான்: அணியத்திலிருந்து (வள்ளத்தின் முன்முனை) முன் வாங்கு வரைக்கும், வாங்கின் மட்டத்துக்கே, அரை அங்குலப் பிளைவூட்டில் ஒரு தட்டு. அது ஒன்று போதும். வாங்கு உயரத்துக்கு மேல் ஒரு அங்குலமும் வேண்டாம். பின்னுக்குத் தட்டே வேண்டாம், அங்கே மோட்டரும் மோட்டர் பிடிக்கிறவரும் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

காசு கொடுக்க முன் பின்பலகையையும் பாருங்கள். மோட்டர் தொங்கும் அந்த இடத்தில் தகடுக்குள்ளே மரம்தான் இருக்கும், பழையதில் அது உக்கியிருக்கலாம். சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல மரம் 'டக்' என்னும், உக்கியது 'தொப்' என்னும். வெளியே வலது பக்க மேல் மூலையில் 12 எழுத்தும் எண்ணுமாக ஒரு தொடர் இலக்கம் இருக்க வேண்டும். அதை யாராவது சுரண்டியிருந்தால் பேரம் பேசாமலே திரும்பி வாருங்கள்.

கேள்வி: தட்டுக்கு பிரஷர் ட்ரீட்டட் (உக்காமல் மருந்து ஏற்றிய பச்சைநிற) பலகை போடலாம் என்று கடையில் சொன்னார்கள். உக்காதாம், விலையும் மலிவு. நல்லதா? (மிசிசாகா வாசகர்)

பதில்: வீட்டுக்குப் பின்னால் டெக் கட்ட நல்லது. அலுமினியத்தில் வேண்டவே வேண்டாம். இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் நான் அதைத்தான் போட்டேன்.

என் முதல் வள்ளத்துக்கு அந்தப் பச்சைப் பலகையில் அழகாக ஒரு தளம் அடித்தேன். மூன்றாவது கோடையில் உள்ளே எங்கிருந்தோ தண்ணீர் ஊறத் தொடங்கியது. பலகையைக் கிளப்பினேன். சட்டம் படுத்திருந்த கோடு முழுக்கக் கோதுமை மா தூவினது மாதிரி வெள்ளைத் தூள். தூளைத் தட்டிவிட்டால் கீழே தகட்டில் குண்டூசிக் குத்துப் போலப் பள்ளங்கள். ஒன்றில் திருகாணி முடுக்கியின் நுனியை வைத்து மெல்ல அழுத்தினேன், அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

காரணம் செம்பு. பலகை உக்காமல் இருக்கச் செம்பு உப்புகளை ஏற்றுகிறார்கள். பலகை நனையும்போது அந்தச் செம்பு கசிந்து அலுமினியத்தில் படுகிறது. இரண்டு உலோகமும் இடையில் தண்ணீரும் இருந்தால் பற்றரி மாதிரித்தான், தேய்வது அலுமினியம். இதே காரணத்தால் செம்பு கலந்த அடிப்பூச்சும் பித்தளைப் பொருத்துகளும் அலுமினியத்துக்கு ஆகாது. பழைய ஒரு சதக்குற்றி ஒன்று அடியில் விழுந்து கிடந்தாலும் அந்த இடத்தில் அரிக்கும். கனடாவில் அந்தக் குற்றியை 2013இல் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் பழைய வள்ளத்து அடியில் தேடினால் ஒன்றாவது அகப்படும். ஈயக்குண்டுகளையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

சாதாரண வெளிப்புறப் பிளைவூட்டை வாங்கி, வெட்டி, துளைகளையும் போட்ட பிறகு, எல்லாப் பக்கமும் எப்பொக்சி பூசுங்கள். விளிம்புகளுக்கு இரண்டு மூன்று தடவை பூச வேண்டும், தண்ணீர் நுழைவது அங்கேதான். பூட்டுவதற்கு அலுமினிய றிவெட் சிறந்தது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போட வேண்டியிருந்தால், உலோகங்கள் தொடாமல் தடுக்கும் பசையைப் பூசி முடுக்குங்கள். கார்ப்பெட் நாள் முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மீன் வாடையையும்தான். ஒட்டக்கூடிய ஈவிஏ நுரைவிரிப்பு கொஞ்சம் விலை என்றாலும் கழுவ லேசு.

கேள்வி: அப்பா யாழ்ப்பாணம் மயிலிட்டியில் கடல்தொழில் செய்தவர். என்னுடைய அலுமினிய வள்ளம் ஒழுகுகிறது. "ஊரில் மாதிரி பைபர் போட்டு றெசின் ஊற்றிவிடு" என்கிறார். செய்யலாமா? (ஏஜாக்ஸ் வாசகர்)

பதில்: ஊரில் இருந்தது பைபர் கிளாஸ் வள்ளம். பைபருக்குப் பைபர் ஒட்டும். அலுமினியத்தில் அந்த றெசின் சரியாகப் பிடிக்காது. வெயிலுக்கு அலுமினியம் விரிவது ஒரு அளவு, றெசின் விரிவது வேறு அளவு. ஒரு குளிர்காலம் போனால் மேலே தோல் மாதிரி உரிந்து வரும், ஒழுக்கு கீழே அப்படியே இருக்கும். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வள்ளத்தை ட்ரெயிலரிலேயே வைத்து உள்ளே தண்ணீர் விடுங்கள். தளத்து றிவெட்டுகள் மூழ்கினால் போதும். விளிம்பு வரைக்கும் நிரப்பினால் வள்ளமும் ட்ரெயிலரும் சேர்ந்து வளையும், ஒரு கன அடித் தண்ணீரே 62 இறாத்தல். கீழே படுத்துப் பார்த்து, சொட்டும் இடத்துக்கெல்லாம் மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

இளகின றிவெட்டை இறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே அதன் தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே வாலில் சுத்தியலால் தட்ட வேண்டும். முக்கால்வாசி ஒழுக்கு இதிலேயே நிற்கும். தலை தேய்ந்துபோனதைத் துளைத்தெடுத்து, கடல் வேலைக்கான ஒட்டுப்பசை தோய்த்து, முனை மூடிய றிவெட்டை அடியுங்கள். குளியலறைச் சிலிக்கோனை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அது கொஞ்ச நாளில் விட்டுவிடும், பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டவும் மாட்டாது.

கேள்வி: மின்சார ட்ரோலிங் மோட்டர் (மீன் பிடிக்கும்போது வள்ளத்தை மெல்ல நகர்த்துவது) எத்தனை இறாத்தல் தள்ளுவிசை வாங்க வேண்டும்? லித்தியம் பற்றரிக்குக் காசு கொடுப்பது நியாயமா? மீன் காட்டும் கருவியும் பூட்ட வேண்டும். (விட்பி வாசகர்)

பதில்: மொத்தப் பாரத்தில் ஒவ்வொரு 100 இறாத்தலுக்கும் 2 இறாத்தல் தள்ளுவிசை என்பது பழகின கணக்கு. 14 அடி வள்ளம் ஆட்களோடு 1,150 இறாத்தல் என்றால் 23 போதும் என்று வரும். அது காற்றில்லாத நாளுக்கு. 45 அல்லது 55 வாங்குங்கள். 55 வரைக்கும் ஒரே 12 வோல்ற் பற்றரியில் ஓடும், அதற்கு மேல் போனால் இரண்டு பற்றரி, இரட்டைப் பாரம்.

சாதாரண ஈயப் பற்றரியில் 100 அம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும், பற்றரி நீடிக்க வேண்டுமென்றால் பாதியைத்தான் எடுக்கலாம். லித்தியத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம், பாரமும் பாதிக்குப் பாதி. முதல் கேள்வியில் மிஞ்சின 90 இறாத்தலை நினைத்தால், காசு கொடுக்க நியாயம் இருக்கிறது. ஒரு நிபந்தனை: உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் ஏற்றக்கூடாது. மாரியில் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

வயரிங்கில் ஒன்றை மறக்காதீர்கள். காரில் மைனஸ் வயரை உடலில் பூட்டுவது போல வள்ளத்துத் தகட்டில் பூட்டவே கூடாது, தகடு அரித்துப்போகும். எல்லாக் கருவிக்கும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வயர். 55 மோட்டர் முழு வேகத்தில் 50 அம்பியர் அளவில் இழுக்கும். 6ஆம் கேஜ் வயரும், பற்றரிக்குப் பக்கத்திலேயே 60 அம்பியர் பிரேக்கரும் போடுங்கள்.

மீன் காட்டும் கருவியின் உணரியை நேரே பின்பலகையில் திருகினால், இடம் சரியில்லை என்று ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இரண்டு ஓட்டை கூடும். சமையலறையில் மீன் வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் ஒரு துண்டு வெட்டி, அதை ஒரே தடவையாகப் பசையோடு பூட்டிவிட்டு, பிறகு உணரியை அதிலே எத்தனை தடவையும் மாற்றுங்கள். பலகையை எடுக்க முன் வீட்டில் கேளுங்கள், நான் கேட்கவில்லை.

கேள்வி: இந்தக் கரைச்சல் ஒன்றும் வேண்டாம். தட்டு, கதிரை, லைட் எல்லாம் போட்டு முடித்த 14 அடி வள்ளத்தை 6,500 டொலருக்கு விற்கிறார்கள். வாங்கட்டுமா? (மார்க்கம் வாசகர்)

பதில்: கார்ப்பெட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். தட்டைக் கிளப்பிக் கீழே காட்டச் சொல்லுங்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர் பெருமையோடு ஐம்பது படம் காட்டுவார். "கிளப்ப ஏலாது, ஒட்டியாச்சு" என்றால் கீழே பச்சைப் பலகையா, வாங்கு இருக்கிறதா, நுரை இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அந்த நிலையில் அது வெறும் பழைய வள்ளம், அந்த விலைக்குத்தான் பேச வேண்டும். என்னைக் கேட்டால் தொடாத பழைய வள்ளமே மேல்.

கேள்வி: 9.9 குதிரைவலு மோட்டர் போட்டால் பேப்பர் ஒன்றும் தேவையில்லை என்கிறார்கள், உண்மையா? (பிரம்டன் வாசகர்)

பதில்: பாதி உண்மை. 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால்தான் வள்ளத்துக்கு அனுமதி இலக்கம் எடுத்து அணியத்தின் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். ஆனால் ஓட்டுகிறவருக்கான தகைமை அட்டை எந்த மோட்டருக்கும் தேவை, மின்சார ட்ரோலிங் மோட்டராக இருந்தாலும்தான். இலக்கம் உள்ள வள்ளத்தை வாங்கினால் குறித்த நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதுவரை விற்றவர் கையெழுத்துப் போட்ட பற்றுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள். ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை, 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி, விசில் இவையும் வேண்டும். 18 முதல் 64 வயது வரை என்றால் மீன்பிடி அனுமதி வேறு.

இன்னொன்று. 2022 முதல் ஒன்ராறியோவில் வள்ளத்தை வீதியில் கொண்டுபோகும்போது அடியில் உள்ள தண்ணீர் அடைப்பைக் கழற்றி வைத்திருக்க வேண்டும், அந்நியக் களைகளும் சிப்பிகளும் ஏரி விட்டு ஏரி போகாமல் இருக்கத்தான். கழற்றினதைத் திருப்பிப் பூட்ட மறந்து இறக்குதுறையில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றவர்கள் பலர். என் அடைப்பு இப்போது கார்ச் சாவிக்கொத்தில் தொங்குகிறது.