பாம்பு இரண்டாம் நிலையா, மூன்றாம் நிலையா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எது எதைத் தின்கிறது என்று காட்டும் உணவுச் சங்கிலியில் பாம்பை ஒரு புத்தகம் இரண்டாம் நிலை நுகர்வோர் என்கிறது, இன்னொன்று மூன்றாம் நிலை என்கிறது. தேர்வில் எதை எழுதுவது?

பதில்: இரண்டுமே சரிதான். நெல்மணியை எலி தின்கிறது, எலியைப் பாம்பு விழுங்குகிறது. இங்கே செடியைத் தின்னும் எலி முதல்நிலை, பாம்பு இரண்டாம் நிலை. அதே பாம்பு மறுநாள் ஒரு தவளையைப் பிடிக்கிறது. அந்தத் தவளை தின்றது வெட்டுக்கிளியை, வெட்டுக்கிளி தின்றது புல்லை. இப்போது பாம்பு மூன்றாம் நிலைக்குப் போய்விட்டது. பாம்பு மாறவில்லை, இரைதான் மாறியது. ஆக, நிலை என்பது விலங்கோடு ஒட்டிப் பிறந்த பட்டம் இல்லை. அந்த வேளைச் சாப்பாட்டைப் பொறுத்தது.

உருவத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. பூமியிலேயே பெரிய விலங்கான நீலத் திமிங்கிலம் தின்பது கிரில் எனும் விரல் நீள உயிரிகளை. இறால் போல இருக்கும் அவை பெரும்பாலும் நுண்பாசிகளை மேய்பவை. அந்தக் கணக்கில் அவ்வளவு பெரிய திமிங்கிலமும் இரண்டாம் நிலைதான்! மான் அடித்துத் தின்னும் சிங்கமும் அங்கேயேதான் நிற்கிறது. பாண்டா கரடியோ ஊனுண்ணிகளின் குடும்பத்தில் பிறந்துவிட்டு, மூங்கிலைத் தின்று முதல்நிலையில் உட்கார்ந்திருக்கிறது. தவளையே குஞ்சாக, அதாவது தலைப்பிரட்டையாக இருக்கும்போது பெரும்பாலும் பாசி தின்னும், வளர்ந்தபின்தான் பூச்சி.

சரி, எப்படி எண்ணுவது? செடியிலிருந்து தொடங்குங்கள். செடி தன் உணவைத் தானே தயாரிக்கும் உற்பத்தியாளர், அதை நுகர்வோர் கணக்கில் சேர்க்காதீர்கள். அதைத் தின்பது முதல்நிலை, அப்புறம் ஒவ்வொரு வாய்க்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போகலாம். பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: 'ஊட்ட நிலை' என்று கேட்டால் செடிக்கே 1 என்று எண் கொடுக்க வேண்டும். அப்போது முதல்நிலை நுகர்வோர் இரண்டாவது ஊட்ட நிலையில் வரும். மனிதர்களின் சராசரி ஊட்ட நிலை 2.21 என்று 2013-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நெத்திலி வகை மீன்களுக்குப் பக்கத்தில் இருக்கிறோம்!

நான்காம் நிலை நுகர்வோருக்கு மேல் சங்கிலி அரிதாகவே நீள்கிறது. தின்ற உணவின் ஆற்றலில் பெரும்பகுதி நடமாட்டத்திலும் வெப்பத்திலும் கழிவிலும் போய்விடும். அடுத்த நிலைக்குச் சேர்வது தோராயமாக 10 சதவீதம். புல்லில் 10,000 அலகு இருந்தால் வெட்டுக்கிளியில் 1,000, தவளையில் 100, பாம்பில் 10. அந்தப் பாம்பைத் தூக்கும் பருந்துக்கு வெறும் 1.

தேர்வில் சங்கிலி கொடுத்திருந்தால் அதை எண்ணி எழுதச் சொல்லுங்கள். கொடுக்காமல் 'பாம்பு எந்த நிலை?' என்று மட்டும் கேட்டால், 'புல் → வெட்டுக்கிளி → தவளை → பாம்பு' என்று ஒரு வரி போட்டுவிட்டு, 'இதில் மூன்றாம் நிலை' என்று எழுதட்டும்.