இந்தியாவில் படித்த பி.ஃபார்ம் பட்டத்தை வைத்து டர்பனில் மருந்தாளுநராக வேலை பார்க்கலாமா?

நேரடியாக முடியாது. தென்னாப்பிரிக்க மருந்தியல் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். இதைத்தான் 'பதிவு' என்கிறார்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் அதற்கு முன் கவுன்சிலின் தேர்வை எழுத வேண்டும்.

நாலு வருஷம் படித்தவருக்கு மறுபடியும் தேர்வா என்று எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் மருந்து ஒன்றாக இருந்தாலும் கொடுக்கும் விதி வேறு. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு மருந்துக் கடைக்கு ஓர் ஆயா வந்து பனாடோ கேட்டால், அது நம் பாராசிட்டமால்தான், சரி. அப்புறம் கோடீன் கலந்த இருமல் மருந்து கேட்பார். இந்தியாவில் அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். அங்கே கோடீன் குறைவாக உள்ளவை 2ஆம் அட்டவணை மருந்துகள். சீட்டில்லாமல் மருந்தாளுநரே தரலாம், ஆனால் யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். இப்படி மருந்துகளைக் கட்டுப்பாட்டின் அளவுப்படி பிரிக்க 0 முதல் 8 வரை அட்டவணைகள்.

நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் புது வீட்டு அடுக்களையில் நிற்பது போலத்தான். எந்த டப்பாவில் உப்பு, வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று தெரியாமல் கரண்டியைப் பிடிக்க முடியாது.

பட்டம் இணையானது என்ற சான்றிதழ் கிடைத்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; அது படிப்பின் மதிப்பை மட்டுமே சொல்லும், மருந்து கொடுக்கும் உரிமையைத் தராது.