இரண்டாம் முறை மட்டும் ஓடும் பில்ட்

கேள்வி: பார்ஸ்.ஒய் என்ற இலக்கணக் கோப்பிலிருந்து பைசன் என்ற கருவி மூலம் பார்சரை (உள்ளீடு இலக்கணத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் நிரலை) உருவாக்குகிறோம். பில்டுக்கு, மேக் படிக்கும் விதிக் கோப்பை (மேக்ஃபைலை) உருவாக்க உதவும் ஆட்டோமேக். புதிதாக இறக்கிய இடத்தில் மேக் -ஜே8 (எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டச் சொல்வது) அடித்தால், லெக்சரை (உள்ளீட்டைச் சொற்களாகப் பிரித்து பார்சருக்குக் கொடுப்பதை) கம்பைல் செய்யும்போது ‘பார்ஸ்.எச் இல்லை’ என்று நின்றுவிடுகிறது. மறுபடி அடித்தால் ஓடுகிறது. -ஜே இல்லாவிட்டால் முதல் முறையே ஓடுகிறது. இதை டெஸ்டில் பிடிக்க முடியுமா?

பதில்: பிடிக்கலாம், பிடித்தே ஆக வேண்டும். லெக்சருக்கு, பைசன் எழுதும் பார்ஸ்.எச் என்ற ஹெடர் தேவை என்பது முதல் பில்டில் மேக்குக்குத் தெரியாது. எந்தக் கோப்பு எந்த ஹெடரைச் சேர்க்கிறது என்ற குறிப்பு கம்பைல் ஆகும்போதுதான் எழுதப்படுகிறது. ஒவ்வொன்றாக ஓடும்போது பட்டியலில் பார்சர் முன்னால் இருந்ததால் தப்பித்தீர்கள். எட்டு வேலை ஒன்றாக ஓடும்போது லெக்சர் முந்திக்கொள்கிறது. அது தோற்று நிற்பதற்குள் பைசன் ஹெடரை எழுதி முடித்திருக்கும், அதனால்தான் இரண்டாம் முறை ஓடுகிறது.

ஏஎம்_ஒய்ஃப்ளாக்ஸில் (பைசனுக்குப் போகும் விருப்பங்கள்) ஹெடரை எழுதச் சொல்லும் -டி இருக்கட்டும், பில்ட்_சோர்சஸில் (முதலில் உருவாக்க வேண்டியவற்றின் பட்டியல்) பார்ஸ்.எச்சைச் சேருங்கள். ஆனால் அந்தப் பட்டியலை மேக் ஆல், மேக் செக், மேக் இன்ஸ்டால் போன்ற சில இலக்குகள்தான் மதிக்கும். லெக்சரின் கம்பைல் ஆன கோப்பை மட்டும் மேக் லெக்ஸ்.ஓ என்று நேராகக் கேட்டால் பழைய பிழையே வரும். ஆகவே ‘லெக்ஸ்.ஓ-வுக்கு பார்ஸ்.எச் வேண்டும்’ என்று ஒரு வரியைக் கையாலேயே எழுதிவிடுவது என் வழக்கம். டெஸ்டும் அதையே கேட்கட்டும்: காலி டைரக்டரியில் கான்ஃபிகர் செய்து, முதல் கட்டளையாக மேக் லெக்ஸ்.ஓ. குனு மேக் 4.4 இருந்தால் --ஷஃபிள் கொடுத்துப் பலமுறை ஓட்டுங்கள். அது வேலைகளின் வரிசையைக் கலைத்துப் போடும், ஒளிந்திருக்கும் சார்புகள் வெளியே வந்துவிடும்.

ஹெடர் இல்லாவிட்டால் பில்ட் சத்தம் போட்டு நிற்கும், அதுவாவது நல்லது. ஹெடர் பழையதாக இருப்பதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஒருமுறை கையால் எழுதிய மேக்ஃபைலில் அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். பைசன் டோக்கன்களுக்கு (லெக்சர் பிரித்துத் தரும் சொல் வகைகளுக்கு) 258-லிருந்து எண் கொடுத்து ஹெடரில் எழுதும். என்னிடம் இஃப் 258, எல்ஸ் 259, வைல் 260. வைலுக்கு முன்னால் ஃபார் என்று ஒன்றைச் செருகினேன். ஃபார் 260 ஆனது, வைல் 261-க்குப் போனது. பார்சர் புதிதாக கம்பைல் ஆனது, லெக்சர் ஆகவில்லை. வைலைப் பார்த்தால் அது இன்னும் 260 என்றே சொன்னது, பார்சர் அதை ஃபார் என்று எடுத்துக்கொண்டது. சரியான வரிகளில் எல்லாம் இலக்கணப் பிழை. இரண்டு நாள் இலக்கணத்தைத் துருவினேன், அதில் ஒரு குறையும் இல்லை.

அதனால் என் டெஸ்ட் இதையே திரும்பச் செய்யும். பில்ட் செய், நடுவில் ஒரு டோக்கனைச் செருகு, மறுபடி பில்ட் செய், வைல் உள்ள வரியைக் கொடுத்து ஓட்டிப் பார். திருத்துவதற்கு முன் ஓரிரு வினாடி தூங்க விடுங்கள். சில கோப்பு முறைமைகளில் நேரம் முழு வினாடியாகத்தான் பதியும், பில்டும் திருத்தமும் ஒரே வினாடியில் விழுந்தால் மேக் மாற்றத்தையே கவனிக்காது. அப்புறம் எதையும் தொடாமல் மேக் -க்யூ (எதையும் செய்யாமல், மீதி வேலை உண்டா என்று மட்டும் சொல்வது) ஓட்டுங்கள், 0 வர வேண்டும். 1 வந்தால் ஏதோ ஒரு கோப்பு தீராமல் பழையதாகவே நிற்கிறது.

கையால் விதி எழுதுபவர்களுக்கு ஒன்று: சாதாரண விதியில் பார்ஸ்.சி, பார்ஸ்.எச் இரண்டையும் இலக்காகப் போட்டால் மேக் அதை இரண்டு தனி விதிகளாகத்தான் படிக்கும். -ஜே கொடுத்தால் இரண்டு பைசன் ஒரே கோப்பின் மேல் எழுதலாம். 2020-இல் வந்த குனு மேக் 4.3 முதல், முக்காற்புள்ளிக்கு முன் ஓர் ஆம்பர்சண்ட் போட்டால் இரண்டும் ஒரே வேலையாகும்.

கேள்வி: வெளியிடும் டார் கோப்பில் உருவான பார்சரையும் சேர்க்கிறோம். பைசன் இல்லாதவர்களிடம் ஓடும் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: டார் கோப்பைப் பிரித்து, பைசனின் பெயரை வைத்திருக்கும் யாக் மாறிக்கு, எப்போதும் தோற்கும் ‘ஃபால்ஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்து கான்ஃபிகர் செய்து மேக் அடியுங்கள். பைசனைத் தேடிப் போனால் அங்கேயே விழுந்துவிடும். மேக் டிஸ்ட்செக்கும் ஓட்டுங்கள். அது சோர்ஸ் டைரக்டரியை எழுத முடியாததாக்கிவிட்டு வேறு இடத்தில் பில்ட் செய்யும், ஹெடரை சோர்ஸுக்குள் எழுதப் பார்க்கும் விதி அப்போது மாட்டிக்கொள்ளும்.