"அப்பா வரட்டும், சொல்லிக் கொடுக்கிறேன்": வளரும் பிள்ளைகள் பற்றிய கேள்வி பதில்

குமரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 30 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். வளரும் பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (தூத்தூர் பக்கத்துத் தாய்): டீச்சர், என் கணவர் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பார். அந்த நாள் முழுக்க 15 வயது மகனோடு சண்டைதான். என்ன செய்வது?

பதில்: நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. அந்த 61 நாளுக்குள் ஆண்டுக் கணக்கு முழுவதையும் தீர்த்துவிட அப்பா துடிக்கிறார். முடி ஏன் இப்படி, மார்க் ஏன் குறைந்தது, யாரோடு சுற்றுகிறாய். பாவம், கடலில் கிடந்த நாளெல்லாம் மகனை நினைத்தே ஓட்டியவர் அவர். மகனுக்கோ வீட்டுக்குள் ஒரு போலீஸ்காரர் வந்தது போல் இருக்கிறது.

என் மாணவன் ஒருவனின் அப்பாவும் இப்படித்தான் இருந்தார். ஒரு தடைக்காலத்தில் விசாரணையை நிறுத்திவிட்டு, தென்னை நிழலில் வலையைப் பழுது பார்க்க உட்கார்ந்தபோது மகனையும் கூப்பிட்டுக்கொண்டார். வலை ஊசியில் நூல் சுற்றித் தருவது மட்டுமே பையனின் வேலை. இரண்டு நாள் இருவரும் பேசவே இல்லை. மூன்றாம் நாள், நூலைப் பார்த்துக்கொண்டே, வகுப்பில் இரண்டு பேர் தன்னைக் கேலி செய்வதைப் பையனே சொல்ல ஆரம்பித்தான். அப்பா தலை நிமிராமல் "உம்" கொட்டிக்கொண்டே இருந்தாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். முகத்துக்கு நேரே கேட்டால் வராத பேச்சு, கை வேலையாக இருக்கும்போது வந்துவிடுகிறது.

உங்களுக்கும் ஒன்று. "அப்பா வரட்டும், சொல்லிக் கொடுக்கிறேன்" என்று இனி மிரட்டாதீர்கள். அந்த ஒரு வாக்கியம், வராத அப்பாவைக்கூடப் பிள்ளைக்கு எதிரியாக்கிவிடும்.

கேள்வி (மார்த்தாண்டம், ஒரு பாட்டி): மகனும் மருமகளும் வளைகுடாவில். 16 வயதுப் பேரன் பைக் கேட்டு அடம்பிடிக்கிறான், சாப்பிட மறுக்கிறான்.

பதில்: வாங்கித் தராதீர்கள் அம்மா. கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 2019 சட்டத் திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமானால் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. இதை அப்படியே சொல்லுங்கள். சோற்றை மூடி வைத்துவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். முடியாது என்று சொன்ன பாட்டி கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை என்று அவன் பார்க்கட்டும்.

கேள்வி (தக்கலை, 26 வயது இளைஞர்): மாலையில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். வீட்டுப் பிரச்சினைகளையெல்லாம் என்னிடம் சொல்கிறார்கள். மனநலம் படிக்காத நான் பேசலாமா?

பதில்: தாராளமாகப் பேசலாம் தம்பி. ஹவாயின் காவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமையும் குடும்பச் சண்டையும் சூழ வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அதற்கு ஆய்வாளர்கள் கண்ட காரணங்களில் ஒன்று, பெற்றோர் தவிர ஒரு பெரியவரின் நிலையான துணை. பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ. பட்டம் தேவைப்படவில்லை.

வருவதாகச் சொன்ன நாளில் வந்துவிடுங்கள். மழை பெய்து ஆட்டம் நின்றாலும் மைதானத்து ஓரத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். பேச்சு எப்போதும் நாலு பேர் பார்க்கும் இடத்தில் நடக்கட்டும், பெற்றோருக்கும் தெரியட்டும். இரவில் தனியாகச் செய்தி அனுப்பும் பழக்கம் வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில், ஓர் அம்மா): உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதாகப் பக்கத்து வீட்டு 13 வயதுப் பெண் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

பதில்: அந்தச் சத்தியத்தை நீங்கள் காப்பாற்றக் கூடாது. இன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். விஷயம் தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ன் போக்சோ சட்டம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடவும் அது தடை விதிக்கிறது. அழைப்பதற்கு முன் அவளிடம் சொல்லுங்கள்: "நீ சொன்னதை நம்புகிறேன். உன்மேல் தப்பே இல்லை. உன்னைக் காப்பாற்ற இன்னொருவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், நானும் கூட வருவேன்." துருவித் துருவிக் கேட்காதீர்கள். அந்த உறவினரிடம் நீங்களே நியாயம் கேட்கவும் போகாதீர்கள்.

கேள்வி (குலசேகரம், 17 வயது மாணவன்): பிளஸ் டூ கணக்கில் தோற்றுவிட்டேன். அப்பா பேசுவதில்லை. எனக்கென்று யாரும் இல்லை. மாமா மட்டும் தினமும் சாயா குடிக்கக் கூப்பிடுகிறார், வெட்கத்தில் நான் போகவில்லை.

பதில்: மக்களே, துணைத்தேர்வு இந்த ஆண்டே உண்டு. பள்ளியில் போய் விண்ணப்பம் கேள். இரவில் மனம் தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழை. எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள்.

யாரும் இல்லை என்று எழுதிய அதே கையால் மாமாவைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். தினமும் கூப்பிடுகிறார் என்கிறாய். நாளைக்குப் போ. தேர்வைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். சாயாவைக் குடித்துவிட்டு வா.